பருப்பில் தொடங்கிய கலகம்: 1946 பம்பாயும் 1954 புதுக்கடையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஆடியோவுல நடுநடுவே பஸ் ஹாரன் கேட்டிருக்கும், மன்னிச்சுக்கோங்க. வழக்கமா ரெக்கார்ட் பண்ற சென்னை ரூம்ல நான் இல்ல. சொந்த ஊர்ல உட்கார்ந்து பேசுறேன். ஊர் பேரு புதுக்கடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம். தேங்காய்ப்பட்டணம் கடற்கரை இங்கேயிருந்து கொஞ்ச தூரம்தான்.

இன்னைக்கு பேசப்போறது பம்பாயில் 1946 பிப்ரவரியில் நடந்த கப்பற்படைக் கலகம். "அதுக்கும் உங்க ஊருக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு கேட்பீங்க. நேரடியா ஒண்ணும் கிடையாது. ஆனா எங்க பாட்டி கேட்ட ஒரு கேள்விதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுச்சு. அதை முதல்ல சொல்லிடறேன்.

1954-இல் எங்க ஊர் தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும்னு நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கிட்டிருந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலம் போனாங்க. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. ஆட்கள் செத்தார்கள். இங்கே ஆகஸ்ட் 11 இன்னைக்கும் அஞ்சலி நாள்தான்.

பாட்டி அப்போ சின்னப் பொண்ணு. அதைப் பத்தி எப்பக் கேட்டாலும் "வெடி வெச்ச அன்னைக்கு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. போன தடவை பேச்சுவாக்கில் ஒண்ணு கேட்டாங்க: "வெடி வெச்சவனும் நம்மளப் போல உள்ள வீட்டுப் பயலுவதானே மக்களே? ஒருத்தன்கூட மாட்டேன்னு சொல்லேலியா?"

எனக்குப் பதில் தெரியலை. ஆனா "மாட்டேன்" என்று சீருடை போட்டவர்கள் சொன்ன ஒரு வாரம் இந்தியாவில் நடந்திருக்கு. அந்தக் கதைக்குப் போவோம்.

சாப்பாட்டுத் தட்டு

1946 பிப்ரவரி 18, திங்கட்கிழமை காலை. பம்பாய் கொலாபாவில் எச்எம்ஐஎஸ் தல்வார். பேரைக் கேட்டா கப்பல்னு தோணும். ஆனால் அது கரையில் இருந்த சிக்னல் பயிற்சிப் பள்ளி. வயர்லெஸ், தந்தி, சங்கேதக் குறி எல்லாம் அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்குக் காலைச் சாப்பாட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் தொட மறுத்தார்கள். "சோறு இல்லைன்னா வேலையும் இல்லை" என்பதுதான் அவர்களுடைய முழக்கம்.

பருப்பில் கல், வாயில் வைக்க முடியாத சமையல் என்பது அவர்களுடைய நாள்பட்ட புகார். ஆனா சாப்பாடு மட்டுமே காரணம்னு நினைச்சா கதை பாதிதான் புரியும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது ராயல் இந்தியக் கப்பற்படை ரொம்பச் சின்னது, சில ஆயிரம் பேர்கூடக் கிடையாது. போர் முடியும்போது முப்பதாயிரத்தை ஒட்டிய படை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பலர் பள்ளிக்கூடம் முடித்தவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள். நல்ல வேலை, நல்ல சம்பளம், போருக்குப் பிறகும் எதிர்காலம் உண்டு என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்கள். உள்ளே வந்து பார்த்தால், அதே வேலை செய்யும் பிரிட்டிஷ் மாலுமிக்கு வேறு சம்பளம், வேறு சாப்பாடு, வேறு மரியாதை. போர் முடிந்ததும் படையைச் சுருக்க ஆரம்பித்தார்கள். அடுத்து வேலை கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

அதே நேரம் வெளியே ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூன்று பேர் மீதும் 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். ராஜாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியவர்கள் குற்றவாளிகளா, தேசபக்தர்களா என்று நாடே பேசியது. பாராக்ஸில் படுத்திருந்த மாலுமியின் காதில் இது விழாமல் இருக்குமா?

பலாய் சந்திர தத் என்ற தந்தி மாலுமிக்கு அது விழுந்தது. போரில் பணியாற்றித் திரும்பியவர். 1945 டிசம்பர் 1-ஆம் தேதி கப்பற்படை நாள். தல்வாரைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் நாள். காலையில் பார்த்தால் சுவரெல்லாம் "வெள்ளையனே வெளியேறு", "புரட்சி ஓங்குக". எழுதியது யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. 1946 பிப்ரவரி தொடக்கத்தில் தலைமைத் தளபதி வந்தபோது மறுபடியும் எழுத்து வேலை நடந்தது. இந்த முறை தத் மாட்டிக்கொண்டார்.

தல்வாரின் கமாண்டர் ஆர்தர் கிங். பிப்ரவரி 8-ஆம் தேதி பாராக்ஸுக்குள் வந்து மாலுமிகளைத் தாயையும் பிறப்பையும் சேர்த்து இழிவாகத் திட்டினார். கூலிகளின் பிள்ளைகள், காட்டுமிராண்டிகள் என்ற ரகத்தில். மாலுமிகள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? விதிமுறைப்படி எழுதிப் புகார் கொடுத்தார்கள். 14 பேர். அந்தப் புகாரை விசாரித்தவர் அதே கிங். பொய்ப் புகார் கொடுப்பது பெரிய குற்றம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று மிரட்டல்தான் பதிலாக வந்தது.

மேல போய்ச் சொல்ல இடமே இல்லைன்னு ஆன பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை தட்டைத் தள்ளினாங்க.

வயர்லெஸ் அவங்க கையில

நிர்வாகம் கவனிக்கத் தவறிய ஒண்ணு இருக்கு. வேலைநிறுத்தம் தொடங்கியது சமையற்காரர்கள் பள்ளியில் இல்லை, சிக்னல் பள்ளியில். பம்பாயிலிருந்து ஏடன் வரைக்கும் எந்தக் கப்பலோடும் பேசத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கப்பல்களின் வயர்லெஸ் அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களும் இதே கூட்டத்தில் படித்து வந்தவர்கள். இன்னைக்கு மொழியில சொன்னா, எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் அட்மின் இவங்கதான்.

மறுநாள் பிப்ரவரி 19. பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் வேலை நின்றது. பிரிட்டிஷ் கொடி இறங்கி, காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் சேர்ந்து ஏறின. மாலுமிகள் லாரிகளில் நகருக்குள் ஊர்வலம் போனார்கள். கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம், கொச்சி, சென்னை என்று பரவியது. சென்னையில் எச்எம்ஐஎஸ் அடையார் தளத்து மாலுமிகளும் வேலையை நிறுத்தினார்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள்.

அன்றைக்கே மத்திய வேலைநிறுத்தக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் எம்.எஸ்.கான், சிக்னல்காரர். துணைத் தலைவர் மதன் சிங், தந்திக்காரர். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர். ஆறு மாசம் கழிச்சு, ஆகஸ்டுல, கல்கத்தாவுல நடந்த மதக்கலவரத்தை நினைச்சுப் பாருங்க. அப்போ இந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து தீர்மானம் எழுதினது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்.

கோரிக்கைப் பட்டியலும் கவனிக்க வேண்டியது. நல்ல சாப்பாடு, சம சம்பளம், கிங் மீது நடவடிக்கை, படையிலிருந்து சீக்கிரம் விடுவிப்பது எல்லாம் இருந்தன. கூடவே, அரசியல் கைதிகளையும் இந்திய தேசிய ராணுவக் கைதிகளையும் விடுதலை செய்ய வேண்டும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். டச்சுக்காரர்களின் காலனியை மீட்டுக்கொடுக்க இந்தியச் சிப்பாய் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி அது. தட்டில் கிடந்த பருப்பில் தொடங்கியவர்கள் இரண்டே நாளில் வந்து சேர்ந்த இடம் இது.

சுடச் சொன்னபோது

இப்போ பாட்டியோட கேள்விக்கு வருவோம்.

நகருக்குள் கோட்டைப் பகுதியில் காசில் பாராக்ஸ் என்ற கடற்படைத் தளம். உள்ளே மாலுமிகள், வாசலில் இந்தியத் துருப்புகளின் காவல். பிப்ரவரி 21-ஆம் தேதி மாலுமிகள் வெளியே வர முயன்றபோது சண்டை வெடித்தது. காவலுக்கு நின்ற மராத்தா சிப்பாய்கள் தங்கள் ஆட்களையே சுடத் தயங்கினார்கள். அவர்களை விலக்கிவிட்டு பிரிட்டிஷ் துருப்புகளைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. மாலுமிகளும் ஆயுதக் கிடங்கைத் திறந்து திருப்பிச் சுட்டார்கள்.

அன்று பிற்பகல் கப்பற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் காட்ஃப்ரே ரேடியோவில் பேசினார். ஒரு துணுக்கு: போர்க்காலத்தில் இவர் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறைக்குத் தலைவர், இயான் ஃபிளெமிங் இவரிடம்தான் வேலை பார்த்தார். ஜேம்ஸ் பாண்ட் கதையில் வரும் 'எம்' பாத்திரத்துக்கு இவர்தான் முன்மாதிரி என்று சொல்வார்கள். அவர் ரேடியோவில் சொன்னதன் சாரம் இதுதான்: அரசிடம் இருக்கும் பலம் முழுவதையும் பயன்படுத்துவோம், அதனால் இந்தக் கப்பற்படையே அழிந்தாலும் சரி. துறைமுகத்துக்கு மேலே போர் விமானங்கள் தாழப் பறந்தன.

கராச்சியில் மிரட்டலோடு நிற்கவில்லை. 22-ஆம் தேதி காலை, துறைமுகத்தில் நின்ற எச்எம்ஐஎஸ் ஹிந்துஸ்தான் கப்பலைக் கரையிலிருந்து பீரங்கியால் அடித்தார்கள். கப்பலும் திருப்பி அடித்தது. அரைமணி நேரத்துக்குள் முடிந்துபோனது. மாலுமிகள் சிலர் செத்தார்கள், மற்றவர்கள் சரணடைந்தார்கள்.

பம்பாயில் இதற்கிடையே நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கப்பல்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் போகாமல் நிர்வாகம் தடுத்தபோது, ஜனங்கள் பொட்டலம் பொட்டலமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் வந்து நின்றார்கள். பழம், பால், ரொட்டி. கடைக்காரர்கள் காசு வாங்காமல் கொடுத்தார்கள். மாலுமிகள் படகில் வந்து வாங்கிப் போனார்கள். காவலுக்கு நின்ற இந்தியச் சிப்பாய்கள் தடுக்கவில்லை. கல்லு கிடந்த பருப்பை வேண்டாம்னு தள்ளினவங்களுக்கு ஊரே சோறு போட்டுச்சு.

22-ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சி பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. காங்கிரஸ் சோஷலிஸ்டுகளும், குறிப்பாக அருணா ஆசஃப் அலியும், மாலுமிகள் பக்கம் நின்றார்கள். ஆலைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பரேல், லால்பாக், கிர்காவ் எல்லாம் போர்க்களம் ஆனது. ராணுவம் இறங்கியது. அரசுத் தரப்புக் கணக்கே 228 பொதுமக்கள் செத்ததாகவும், ஆயிரத்துக்கு மேல் காயம் என்றும் சொல்கிறது. செத்தவங்க பெரும்பாலும் மில் தொழிலாளர்கள், கூட்டத்துல நின்னவங்க. வரலாற்றுல பேர் இல்லாதவங்க. இதே நேரத்தில் சென்னையிலும் கடையடைப்பு, வேலைநிறுத்தம் நடந்தது.

யாரிடம் சரணடைவது?

மாலுமிகள் எதிர்பார்த்தது தேசியத் தலைவர்களை. தலைமையை உங்க கையில கொடுக்கிறோம், வாங்கிக்கோங்கன்னு காத்திருந்தாங்க. வல்லபாய் படேல் பம்பாயில்தான் இருந்தார். அவர் சொன்னது: சரணடையுங்கள், யாரும் பழிவாங்கப்படாமல் காங்கிரஸ் பார்த்துக்கொள்ளும். ஜின்னாவும் சரணடையச் சொன்னார். காந்தி வன்முறையைக் கண்டித்தார். வன்முறைக்காக இந்துவும் முஸ்லிமும் ஒன்றுசேர்வது புனிதமற்றது என்ற பொருளில் எழுதினார். சட்டமன்றத்தில் ஒன்றுசேர்ப்பதைவிடத் தெருத் தடுப்புகளில் ஒன்றுசேர்ப்பதே மேல் என்ற பொருளில் அருணா பதில் சொன்னார்.

இரவு முழுக்க வேலைநிறுத்தக் குழு வாதாடியது. 23-ஆம் தேதி காலை சரண். நாங்கள் பிரிட்டனிடம் சரணடையவில்லை, இந்தியாவிடம் சரணடைகிறோம் என்று அறிவித்துவிட்டுத்தான் கலைந்தார்கள்.

இங்கே தலைவர்களை வில்லன் ஆக்குவது ஈஸி. நான் செய்ய மாட்டேன். படேலின் கணக்கு அவருடைய அன்றைய எழுத்திலேயே தெளிவாக இருக்கிறது: ராணுவத்தில் ஒழுங்கோடு விளையாடக் கூடாது, சுதந்திர இந்தியாவுக்கும் ராணுவம் வேண்டும். பேச்சுவார்த்தை வாசலில் நின்றது என்பதும் உண்மை. கேபினட் தூதுக்குழு வரப்போவதாக பிரிட்டன் அறிவித்தது பிப்ரவரி 19-ஆம் தேதி. சில பேர் சொல்ற மாதிரி, கலகத்துக்குப் பயந்து மறுநாளே அனுப்பின குழு கிடையாது அது. முடிவு ஜனவரியிலேயே எடுத்தாச்சு. ஆனால் இந்தியச் சிப்பாயை நம்பி இனி இந்தியாவை ஆள முடியாது என்பதை அந்த ஒரு வாரம் நிரூபித்தது. சில நாளில் ஜபல்பூரில் ராணுவ சிக்னல் பிரிவினரும் வேலையை நிறுத்தினார்கள்.

அப்போ பழிவாங்க மாட்டோம்னு கொடுத்த வாக்கு? நூற்றுக்கணக்கானவர்கள் கைதாகி முலுந்த் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 476 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கணக்கு. நீதிபதி ஃபசல் அலி தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கொச்சி சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி கிருஷ்ணசாமி ஐயங்காரும் அதில் உறுப்பினர். சாப்பாடு, சம்பளம், இனப்பாகுபாடு, அதிகாரிகளின் நடத்தை என்று மாலுமிகள் சொன்ன குறைகள் பெரும்பாலும் உண்மைதான் என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்தார்களா? 1947-க்குப் பிறகு இந்தியக் கடற்படையும் சேர்க்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்க்கவில்லை.

தத் பத்திரிகையாளரானார், பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். 1971-இல் 'அப்பாவிகளின் கலகம்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தன் கதையை எழுதினார். 1965-இல் உத்பல் தத் கல்கத்தாவில் இதை வைத்து 'கல்லோல்' நாடகம் போட்டார். அதே வருஷம் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அங்கீகாரம் மெல்ல மெல்லத்தான் வந்தது. தியாகிகள் பென்ஷன் பட்டியலில் இந்தக் கலகம் சேர்ந்தது. கொலாபாவில் நினைவுச் சின்னம் வந்தது. 2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தியே 1946 எழுச்சியைக் காட்டியது. 76 வருஷம் ஆச்சு அதுக்கு.

திரும்பவும் ஊருக்கு

பம்பாய் முடிந்து எட்டே வருஷத்தில் எங்க ஊரில் துப்பாக்கி வெடித்தது. அப்போது வெள்ளைக்காரன் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சி பிரஜா சோஷலிஸ்ட் கட்சியுடையது, முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. 1946-இல் மாலுமிகள் பக்கம் நின்ற காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் இருக்காங்களே, அந்த மரபில் வந்த கட்சி. கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, சொந்தக் கட்சி ஆட்சியையே ராஜினாமா செய்யச் சொன்னார். சுதந்திர நாட்டில் நிராயுதபாணி ஜனங்களைச் சுட்ட அரசு நீடிக்கக் கூடாது என்பது அவர் வாதம். பட்டம் மறுத்தார். கடைசியில் லோகியாதான் கட்சியை விட்டு வெளியே போனார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எங்க ஊர் கேட்டது கிடைத்தது. செத்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. அங்கே ஏகாதிபத்தியப் படைக்குள்ளே கலகம், இங்கே மொழிவழிப் போராட்டத்தின் மேல போலீஸ். ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறப்போ ஒண்ணு தோணுது. 1946-இல் வரப்போகும் ஆட்சியாளர்களுக்கு ரெண்டு பாடம் முன்னால் இருந்தது. ஒன்று: படையில் கீழ்ப்படிதல் குலைந்தால் ஆபத்து. இன்னொன்று: காசில் பாராக்ஸ் வாசலில் துப்பாக்கியைத் தாழ்த்தியவன் செய்ததும் ஒரு நியாயம், அவன் எழுதிக் கொடுக்கும் புகாரைக் கேட்க ஓர் இடம் வேண்டும். நாம முதல் பாடத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம். அதே சட்டம், அதே லத்தி, அதே துப்பாக்கியோடு அந்தப் பழைய போலீஸ் அமைப்பு அப்படியே கைமாறிச்சு.

நேத்து ராத்திரி பாட்டிகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். மராத்தா சிப்பாய்கள் சுடத் தயங்கினதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. "அவனுவளுக்கு பொறவு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அவங்களை விலக்கிட்டு வேற ஆளைக் கொண்டுவந்து சுட்டாங்க பாட்டின்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "அப்பம் அவனுவ பேரையும் எங்கயாவது எழுதி வெச்சிருக்கணும்"னு மட்டும் சொன்னாங்க.

இந்த எபிசோட் இத்தோட முடியுது. உங்க ஊர்ல இந்த மாதிரி ஒரு நாள் இருந்தா, அந்த நாளைப் பார்த்தவங்க உங்க வீட்ல இன்னும் இருந்தா, இந்த வாரமே கேட்டு ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. போன் போதும். அடுத்த வாரம் சென்னையிலேர்ந்து பேசுறேன். வரட்டுமா.